கேட்டாச்சு, கிளம்புங்க!

2017 பிப்ரவரி 15-ம் தேதி நீங்கள் டி.வி.யில் என்ன பார்த்துக்கொண்டு இருந்தீர்கள் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கூவத்தூர் ரிசார்ட். யார் உள்ளே, யார் வெளியே என்று ஒவ்வொரு எம்.எல்.ஏ.வாக எண்ணிக்கொண்டிருந்தோம். முந்தின நாள்தான் சசிகலா வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. மறுநாள் எடப்பாடி பழனிசாமி முதல்வராகப் பதவியேற்கிறார். இந்த இரண்டுக்கும் நடுவில் டெல்லியில் மத்திய அமைச்சரவையின் பொருளாதார விவகாரக் குழு சத்தமில்லாமல் கூடி, நாடு முழுக்க 31 இடங்களில் எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கக் கம்பெனிகளுக்கு ஓகே சொன்னது. அதில் ஒன்று, புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் நெடுவாசல்.

நெடுவாசல்காரர்களுக்கு இது எப்படித் தெரிந்தது? உங்களுக்கும் எனக்கும் தெரிந்த மாதிரியேதான். செய்தியில் பார்த்து.

நம் ஊரில் பக்கத்து வீட்டில் காதுகுத்து என்றால்கூட வெற்றிலை பாக்கோடு வந்து ‘அவசியம் வந்துடணும்’ என்று சொல்லிவிட்டுப் போவார்கள். சொல்லாமல் விட்டால் மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது. ஒரு ஊரின் பூமிக்கு அடியில் துளை போடப் போகிறோம் என்பதை அந்த ஊருக்குச் சொல்லணும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. பலா, வாழை, தென்னை, பூ என்று செழிப்பாக இருக்கிற பக்கம் அது. புதுக்கோட்டை என்றாலே வறண்ட மாவட்டம், கல்லும் செம்மண்ணும் என்று பாடப்புத்தகத்தில் படித்தவர்கள் வடகாடு, கொத்தமங்கலம் பக்கம் ஒருமுறை போய்விட்டு வந்தால் நம்ப மாட்டார்கள். ஆழ்குழாய்த் தண்ணீரை நம்பிப் பாடுபட்டு உண்டாக்கிய பச்சை. அந்தத் தண்ணீருக்கு என்ன ஆகும் என்பதுதான் அவர்கள் கேட்ட முதல் கேள்வி.

அமைச்சரவை முடிவெடுத்த மறுநாளே பந்தல் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஜல்லிக்கட்டுச் சூடு ஆறாத நேரம். காலேஜ் பிள்ளைகள் பஸ் பிடித்து வந்தார்கள். நல்லாண்டார்கொல்லை, கோட்டைக்காடு, வடகாடு என்று பக்கத்து ஊர்களிலும் பந்தல் முளைத்தது. மாநில அரசு, மத்திய மந்திரி என்று ஆளாளுக்கு வாக்குறுதி கொடுத்தார்கள். 22 நாள் கழித்து நெடுவாசலில் போராட்டத்தை நிறுத்தினார்கள். அதே மார்ச் 27-ம் தேதி டெல்லியில் ஜெம் லேபரட்டரீஸ் என்ற கம்பெனியோடு ஒப்பந்தம் கையெழுத்தானது! ஏப்ரலில் மறுபடியும் பந்தல். இந்த முறை நூறு நாளைத் தாண்டி அக்டோபர் வரைக்கும் போனது.

இந்தக் கதை உங்களுக்குத் தெரியும். நான் சொல்ல வருவது வேறு. நெடுவாசலை யாரும் கேட்கவில்லை என்று எல்லோரும் எழுதினோம். சரி, கேட்கணும் என்று டெல்லியில் ஒரு நல்ல ஆத்மா நினைத்திருந்தால், அங்கே யாரைக் கேட்டிருப்பார்?

பஞ்சாயத்துத் தலைவரை? அப்போது தமிழ்நாட்டில் பஞ்சாயத்துத் தலைவரே கிடையாது. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தலை ஹைகோர்ட் ரத்து செய்தது. அதே மாதம் பழைய ஆட்களின் பதவிக்காலம் முடிந்தது. தனி அலுவலர்கள் வந்து உட்கார்ந்தார்கள். இருபத்திநாலு மணி நேரமும் அரசியல் பேசுகிற மாநிலத்தில், 2019 டிசம்பர் வரைக்கும் எந்தக் கிராமத்திலும் வார்டு மெம்பர்கூட இல்லை. ஊரே கொதித்துக்கொண்டிருந்த வருஷத்தில் ஊருக்கென்று சட்டப்படி கையெழுத்துப் போட இருந்த ஒரே ஆள் ஓர் அரசாங்க அதிகாரி. அரசாங்கம் ஊரின் கருத்தைக் கேட்க வேண்டுமென்றால் தன் ஊழியரிடமே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். வசதியாகப் போச்சு.

‘இல்லையே, வேறு எவ்வளவோ கமிட்டி இருக்கே’ என்பீர்கள். இருக்கிறது. எண்ணி மாளாது. நமக்குக் கமிட்டியில் பஞ்சமே கிடையாது.

மாவட்டத் திட்டக் குழு என்று ஒன்று. கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தத்தில் வருகிறது. ஒரு மாவட்டத்தில் நிலத்தை எதற்குப் பயன்படுத்துவது, தண்ணீரை எப்படிப் பங்குபோடுவது, சுற்றுச்சூழலை எப்படிக் காப்பாற்றுவது என்று திட்டம் போடுவதுதான் அதன் வேலை. அதில் ஐந்தில் நாலு பங்குப் பேராவது மாவட்டப் பஞ்சாயத்திலும் நகராட்சிகளிலும் ஜெயித்து வந்தவர்களாக இருக்கணும் என்று சட்டமே சொல்கிறது. படித்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கும். உள்ளாட்சித் தேர்தல் இல்லையென்றால் அந்த ஐந்தில் நாலு பங்கும் காலி. தேர்தல் நடந்து ஆள் இருக்கிற காலத்திலாவது, உங்கள் மாவட்டத் திட்டக் குழு எதையாவது வேண்டாம் என்று சொல்லி நிறுத்தியதாக நீங்கள் படித்தது உண்டா? நானும் தேடித்தான் பார்க்கிறேன்.

அடுத்தது, பல்லுயிர் மேலாண்மைக் குழு. 2002-ல் வந்த சட்டம். முதலில் போட்ட விதிப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஒரு தலைவர், அதிகபட்சம் ஆறு உறுப்பினர்கள், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று இருந்தது. ஊரில் என்னென்ன செடி கொடி, மாடு, மீன், விதை இருக்கிறது என்று மக்களே ஒரு பதிவேடு எழுதணும். அருமையான யோசனை. பதினாலு வருஷம் கழித்து, 2016 வாக்கில், நாடு முழுக்க இப்படி இருந்த குழுக்கள் பத்தாயிரத்துக்கும் கம்மி. இந்தியாவில் உள்ளாட்சிகளோ இரண்டரை லட்சத்துக்கும் மேல். 2019-ல் பசுமைத் தீர்ப்பாயம் கம்பைத் தூக்கியது. 2020 ஜனவரி 31-க்குள் முடிக்காத மாநிலங்கள் மாசம் 10 லட்சம் ரூபாய் கட்டணும் என்று உத்தரவு. அவ்வளவுதான், குழுக்கள் இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டன! அபராதத்துக்குப் பயந்து அவசரமாகப் பெற்ற பிள்ளைகள். தான் அந்தக் குழுவில் மெம்பர் என்பதே தெரியாத மெம்பர்கள் இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

சரி, பப்ளிக் ஹியரிங்? கருத்துக் கேட்புக் கூட்டம்? இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். ஏனென்றால் விஷயமே இதில்தான் இருக்கிறது.

பெரிய தொழிற்சாலை, சுரங்கம், அணை மாதிரி ஒன்று வருகிறது என்றால் அக்கம்பக்கத்து ஜனங்களைக் கூட்டிக் கேட்கணும் என்று 1997 ஏப்ரலில் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. அந்த விதியில் ஒரு நல்ல அம்சம். கூட்டத்தை நடத்தும் குழுவில் கலெக்டரும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்காரரும் மட்டுமில்லை, உள்ளாட்சிகளிலிருந்து மூன்று பேர் வரைக்கும், அந்தப் பகுதியின் மூத்த குடிமக்கள் மூன்று பேர் வரைக்கும் உட்காரலாம். மேடையில்! மைக்குக்கு முன்னால் நின்று மனுக் கொடுக்கிறவராக இல்லாமல், மைக்குக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்கிறவராக. மூத்த குடிமக்களைத் தேர்ந்தெடுப்பது கலெக்டர்தான், அதனால் ஆகா ஓகோ என்று சொல்ல முடியாது. ஆனாலும் நாற்காலி இருந்தது.

2006-ல் விதியை மாற்றி எழுதினார்கள். நாற்காலி போச்சு. இப்போது கலெக்டர் அல்லது அவர் அனுப்புகிற அதிகாரி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பிரதிநிதி, அவ்வளவுதான். அதே விதியில் இன்னொரு வரியும் இருக்கிறது. கூட்டம் தொடங்க இத்தனை பேர் வந்திருக்கணும் என்ற கட்டாயம் இல்லையாம். கோரம் கிடையாது. தமிழ்நாட்டில் ஒரு சாதாரணக் கிராம சபைக்கு, 500 பேர் உள்ள குட்டி ஊராக இருந்தாலும் 50 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். பத்தாயிரம் பேருக்கு மேல் உள்ள ஊர் என்றால் 300 பேர். தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் கோரம் வேணும், சுரங்கத்துக்கு வேண்டாம். ஷாமியானா போட்டு, பிளாஸ்டிக் நாற்காலி அடுக்கி, வீடியோகிராஃபரை நிற்கவைத்துவிட்டால் சட்டத்தின் கண்ணில் கூட்டம் நடந்த மாதிரிதான்.

நீங்கள் இப்படி ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தால் தெரியும். கம்பெனிக்காரர் புரொஜெக்டரில் படம் காட்டுவார். படத்தில் எல்லாமே பச்சையாக இருக்கும். அப்புறம் ஜனங்கள் பேசுவார்கள். ஒருத்தர் ஆவேசமாக, ஒருத்தர் அழுதுகொண்டே, ஒருத்தர் சம்பந்தமே இல்லாமல் தன் பட்டா பிரச்னையை. பஸ்ஸில் வந்து இறங்கின சிலர், எழுதிக் கொடுத்ததைப் பார்த்து ‘எங்கள் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும்’ என்பார்கள். எல்லாவற்றையும் எழுதிக்கொள்வார்கள். கடைசியில் அதிகாரி எழுந்து, ‘உங்கள் கருத்துகள் அனைத்தும் பதிவு செய்யப்பட்டன, மேலிடத்துக்கு அனுப்பப்படும்’ என்பார். ஆட்சேபம் எத்தனை பேர், ஆதரவு எத்தனை பேர் என்று அந்தக் குழு எதுவும் தீர்ப்பு சொல்லாது. சொல்ல அதற்கு அதிகாரமே இல்லை. தபால்காரர் வேலைதான்.

இந்தத் தபால்காரரையும் சகித்துக்கொள்ள முடியவில்லை. 2020 ஜனவரி 16-ம் தேதி ஒரு திருத்தம் வந்தது. எண்ணெய், எரிவாயு இருக்கிறதா என்று தோண்டிப் பார்க்கும் ஆய்வு வேலைக்கு இனிமேல் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையும் வேண்டாம், கருத்துக் கேட்பும் வேண்டாம். எடுக்கிற கட்டத்துக்கு வந்தால் பார்த்துக்கொள்ளலாம். பெண் பார்க்க வருகிறோம் என்று சொல்லிவிட்டு மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கிற மாதிரி. துளை போட்டு, கோடிக் கணக்கில் கொட்டி, கேஸ் இருக்கிறது என்று தெரிந்த பிறகு ‘வேண்டாமா? சரி, மூடிவிட்டுப் போகிறோம்’ என்று எந்தக் கம்பெனியாவது சொல்லுமா?

அதே வருஷம் மார்ச்சில் இன்னொரு கூத்து. மொத்த விதியையும் மாற்ற ஒரு வரைவு விட்டார்கள். பொதுமக்கள் ஆட்சேபம் சொல்வதற்கான 30 நாளை 20 நாளாகக் குறைக்கலாம் என்பது அதில் ஒரு யோசனை. இதைப் பற்றிப் பொதுமக்களிடமே கருத்துக் கேட்டார்கள், இங்கிலீஷிலும் ஹிந்தியிலும் மட்டும். ஜூன் மாசம் டெல்லி ஹைகோர்ட், எட்டாவது அட்டவணையில் இருக்கிற 22 மொழிகளிலும் மொழிபெயர்த்துப் போடுங்கள் என்று உத்தரவிட்டது. மொழிபெயர்ப்பதற்குப் பதிலாக மத்திய அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. வடகாட்டு விவசாயி தன் தண்ணீரைப் பற்றி ஆட்சேபம் சொல்ல முதலில் இங்கிலீஷ் டியூஷன் போகணும்.

நியாயமாகப் பேசணும் என்றால் டெல்லியை மட்டும் திட்டிவிட்டுப் போக முடியாது. மாநில அரசு செய்த நல்ல காரியத்தையே எடுத்துக்கொள்வோம். 2020 பிப்ரவரி 9-ம் தேதி சேலம் தலைவாசலில் நடந்த ஒரு விழாவில் எடப்பாடி பழனிசாமி, காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவிக்கப் போவதாகச் சொன்னார். 20-ம் தேதி சட்டசபையில் சட்டமே நிறைவேறிவிட்டது. பதினோரு நாள்! எண்ணெய், எரிவாயு, மீத்தேன், ஷேல் எதற்கும் புதிதாகத் துளை போடக் கூடாது. செம்பு, அலுமினிய உருக்காலைகள் கூடாது. கை தட்டத்தான் வேணும், நானும் தட்டினேன். ஏற்கெனவே நடக்கிற கிணறுகளைத் தொடவில்லை என்பது ஒரு குறை. எனக்கு உறுத்துவது இன்னொன்று.

புதுக்கோட்டை மாவட்டத்தில் மொத்தம் 13 ஒன்றியங்கள். சட்டத்துக்குள் வந்தவை ஐந்து. அறந்தாங்கி, ஆவுடையார்கோயில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி. நெடுவாசல் திருவரங்குளம் ஒன்றியத்தில் இருப்பதால் தப்பித்தது. காவிரிப் பாசனம் எதுவரை என்று கோடு போட்டிருக்கலாம், போராட்டம் எங்கே நடந்தது என்று பார்த்துப் போட்டிருக்கலாம். கந்தர்வகோட்டைக்காரன் கடலையும் சோளமும் போடுவது விவசாயம் இல்லையா? அன்னவாசல், குன்றாண்டார்கோயில் பக்கம் மானம் பார்த்த பூமியில் கண்மாயை நம்பி நெல் போடுகிறவர் விவசாயி இல்லையா? அந்த எட்டு ஒன்றியத்தையும் யாரும் கேட்கவில்லை. உள்ளே வந்த ஐந்தையும் கேட்கவில்லை. அழிக்க வந்தாலும் கேட்க மாட்டார்கள், காப்பாற்ற வந்தாலும் கேட்க மாட்டார்கள். அந்தச் சட்டப்படி அமைகிற அதிகார அமைப்புக்குத் தலைவர் யார் என்று நினைக்கிறீர்கள்? முதலமைச்சர். பாதுகாப்பது என்றாலும் கோட்டையிலிருந்துதான்.

அப்படிப் பாதுகாத்தாவது ஓய்ந்ததா? 2021 ஜூனில் மத்திய அரசு அடுத்த சுற்று ஏலத்தை அறிவித்தது. பட்டியலில் வடதெரு. எங்கே இருக்கிறது? அதே புதுக்கோட்டை மாவட்டம், நெடுவாசலுக்குப் பக்கம்தான். புதிதாக முதல்வராகியிருந்த ஸ்டாலின், பிரதமருக்குக் கடிதம் எழுதினார். 2023-ல் சேத்தியாத்தோப்பு, மைக்கேல்பட்டி, வடசேரி நிலக்கரி ஏலம் வந்தபோதும் கடிதம், அப்புறம் ஏலத்திலிருந்து நீக்கம். 2024 நவம்பரில் மதுரை அரிட்டாபட்டி. பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று 2022-ல் தமிழக அரசே அறிவித்த இடத்தையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். மாநிலம் அப்போதே ஆட்சேபிக்கவில்லையே என்றது டெல்லி. நாங்கள் முன்னாலேயே கடிதம் எழுதினோமே என்றது சென்னை. இரண்டு பேரும் ஃபைலை ஆட்டிச் சண்டை போட்டார்கள். அந்த ஃபைலில் அரிட்டாபட்டியின் கையெழுத்து எங்கே என்று இரண்டு பேருமே கேட்கவில்லை. கிராம சபைகளில் தீர்மானம் போட்டு, ஆயிரக்கணக்கில் மதுரைக்கு நடந்து வந்த பிறகுதான், 2025 ஜனவரி 23-ம் தேதி ஏலம் ரத்து.

கவனித்தீர்களா? ஒவ்வொரு முறையும் ஊர் ஜெயித்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் முடிவெடுத்த பிறகுதான் ஜெயித்திருக்கிறது. பந்தல் போட்டு, வேலை வெட்டியை விட்டு, கேஸ் வாங்கி, குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்து ஜெயித்திருக்கிறது. முதலிலேயே ஒரு நாள் கூட்டிப் பேசியிருந்தால் முடிந்திருக்கும்.

‘அட போங்க சார், விவரம் தெரியாத ஜனங்களைக் கேட்டு ஹைட்ரோகார்பனை முடிவு பண்ண முடியுமா?’ என்று கேட்கிறவர்கள் உண்டு. பெரும்பாலும் ஏ.சி. அறையில் உட்கார்ந்துதான் கேட்பார்கள். அவர்களுக்குப் பதிலும் புதுக்கோட்டையிலேயே இருக்கிறது.

1990-களின் தொடக்கத்தில் இந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் சுழன்றடித்தது. பெண்கள் கூட்டம் கூட்டமாக சைக்கிள் கற்றுக்கொண்டது ஊருக்கே தெரியும். அதிகம் பேசாத ஒன்று, கல்குவாரி. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, கான்ட்ராக்டர்களிடம் கொத்தடிமை மாதிரி கல் உடைத்துக்கொண்டிருந்த பெண்களின் குழுக்களுக்கே குவாரிகளைக் குத்தகைக்கு விட்டார்கள். எழுதப் படிக்க அப்போதுதான் கற்றுக்கொண்ட பெண்கள் கணக்கு எழுதினார்கள், கூலி பிரித்துக்கொண்டார்கள், லாரிக்காரனோடு விலை பேசினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். பழைய கான்ட்ராக்டர்கள் சும்மா இருக்கவில்லை என்பதையும் எழுதியிருக்கிறார். விவரம் தெரியாத ஜனம் என்று யாரைச் சொல்கிறோமோ அவர்கள் கையில் முடிவைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு எங்கேயும் போய் ஆராய்ச்சி பண்ண வேண்டாம்.

அதே மாவட்டம், அதே கல்குவாரி. 2025 ஜனவரி 17. திருமயம் பக்கம், சட்டவிரோதக் குவாரிகளைப் பற்றி அதிகாரிகளிடம் விடாமல் புகார் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு முன்னாள் ஒன்றியக் கவுன்சிலர், லாரி மோதி இறந்துபோனார். முதலில் விபத்து என்றார்கள். அப்புறம் கொலை வழக்காகி, குவாரி அதிபர்கள் கைதாகி, சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. கோர்ட் பார்த்துக்கொள்ளும், நான் தீர்ப்பு சொல்லவில்லை. ஆனால், ஊரின் நிலத்தைப் பற்றிக் கேள்வி கேட்கும் வேலையைக் கமிட்டி செய்யாதபோது தனி மனிதன் செய்ய வேண்டியிருக்கிறது. குழுவாக உட்கார்ந்து ஏழு பேர் கையெழுத்துப் போட்டுக் கேட்க வேண்டிய கேள்வியை ஒருத்தர் மட்டும் கேட்டால், அந்த ஒருத்தர் எல்லார் கண்ணிலும் பட்டுவிடுகிறார்.

ஊர் கூடி முடிவெடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று புல்லாங்குழல் ஊதவும் நான் தயாராக இல்லை. வேங்கைவயலும் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. 2022 டிசம்பரில், பட்டியலினத்தவர் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கிடந்தது. விசாரிக்கப் போன கலெக்டர், டீக்கடையில் இரட்டைக் குவளையையும் கோயிலுக்குள் விடாததையும் பார்த்து, அவர்களைக் கோயிலுக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. இந்த ஊர்களில் ‘மூத்த குடிமக்கள் மூன்று பேர்’ என்று கலெக்டர் ஆபீஸ் கேட்டால் எந்தத் தெருவிலிருந்து மூன்று பெயர் போகும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? கண்மாய்த் தண்ணீரை எந்த மடை வழியே விடுவது என்று பேசும் கூட்டத்தில் நிலமில்லாதவர் வாயைத் திறக்க முடியுமா? பல்லுயிர்க் குழுவில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு, பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 18 சதவிகிதம் என்று விதி போட்டதற்குக் காரணம் இருக்கிறது. விதியைக் காகிதத்தில் நிரப்பிவிட்டுப் போனதுதான் குற்றம்.

இன்னொரு வேடிக்கை. புதுக்கோட்டை 1948 வரைக்கும் சமஸ்தானம். அங்கே 1902-லேயே பிரதிநிதிகள் சபை ஒன்று அமைத்தார்கள். உறுப்பினர்கள் குறைகளைச் சொல்லலாம், ஆலோசனை சொல்லலாம். கேட்பதும் கேட்காததும் தர்பாரின் இஷ்டம். 1924-ல் அதைச் சட்டசபையாக மாற்றினார்கள். ராஜா காலத்திலேயே வெறும் ஆலோசனை சபை போதாது என்று இருபத்திச் சொச்சம் வருஷத்தில் புரிந்துவிட்டது. நாம் நூறு வருஷம் கழித்தும் திங்கள்கிழமை காலை கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனுவோடு நிற்கிறோம். மாசத்துக்கு ஒரு தரம் விவசாயிகள் குறைதீர் கூட்டம். புதுக்கோட்டைக் கூட்டத்தில் வருஷக்கணக்காகத் திரும்பத் திரும்ப வருகிற புகார், தைலமரக்காடு. காட்டு நிலத்தில் வரிசையாகத் தைலமரத்தை நட்டு, மழைத் தண்ணீர் கண்மாய்க்கு ஓடி வராமல் வரப்புப் போட்டு மறிக்கிறார்கள் என்று. மனு வாங்கப்படும், ரசீது கொடுக்கப்படும். எங்கே என்ன மரம் நடலாம் என்று முடிவெடுக்கிற அறையில் அந்தக் கண்மாயின் ஆயக்கட்டுக்காரர் ஒருத்தருக்காவது நாற்காலி போட்டிருக்கிறார்களா? குறை கேட்பது வேறு சார், கலந்து பேசுவது வேறு. குறை கேட்கிறவர் உயரத்தில் உட்கார்ந்திருப்பார்.

கேட்கிற மாதிரி கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஒடிசாவில் ஓர் உதாரணம் உண்டு. நியம்கிரி மலையில் வேதாந்தாவுக்கு பாக்சைட் வேணும். 2013 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட், கிராம சபைகளிடமே கேளுங்கள் என்று தீர்ப்பளித்தது. மலையைச் சுற்றி நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் இருக்க, மாநில அரசு தேடிப்பிடித்து 12 ஊரை மட்டும் எடுத்தது. டோங்ரியா கோந்த் பழங்குடிகள், நீதிபதி முன்னிலையில், ஒவ்வொரு ஊராக வேண்டாம் என்றார்கள். பன்னிரண்டும் வேண்டாம்! 2014-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகமும் திட்டத்தை நிராகரித்தது. அங்கே சபைக்குப் பின்னால் வன உரிமைச் சட்டம் இருந்தது, கோர்ட் இருந்தது. நெடுவாசலின் தீர்மானத்துக்குப் பின்னால் அப்படி எதுவும் இல்லை. அந்தச் சட்டம் காட்டுக்கும் காட்டைச் சார்ந்து வாழ்கிறவர்களுக்கும்தான். வயலுக்கும் அப்படி ஒன்று வேணும் என்று கேட்டால் பொருளாதாரமே படுத்துவிடும் என்று பயமுறுத்துவார்கள்.

நகரத்தில் இருக்கும் நீங்கள் இதைப் படித்துவிட்டு ‘பாவம், கிராமத்து ஜனங்க’ என்று உச்சுக்கொட்ட வேண்டாம். உங்கள் தெரு முனை ஏரி எந்த வருஷம் மனைப்பிரிவானது, அதற்கு ஆட்சேபம் கேட்டு எந்தப் பேப்பரில், எந்த மூலையில் விளம்பரம் வந்தது என்று தெரியுமா? மாஸ்டர் பிளானை எத்தனை பேர் பிரித்துப் பார்த்திருக்கிறோம்? நகரத்திலும் கிராம சபை மாதிரி ஏரியா சபை நடத்தலாம் என்று 2022-ல் விதி வந்தது. அந்த வருஷம் நவம்பர் 1-ம் தேதி பம்மலில் முதலமைச்சரே வந்து உட்கார்ந்தார். உங்கள் ஏரியா சபையில் உறுப்பினர்கள் யார் என்று உங்கள் கவுன்சிலரைக் கேட்டுப் பாருங்கள். அவர் முதலில் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்.

2019 டிசம்பரில் ஒருவழியாக நடந்த தேர்தலில் ஜெயித்து வந்த புதுக்கோட்டைப் பஞ்சாயத்துத் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ம் தேதி முடிந்தது. அடுத்த தேர்தலை அதற்குள் நடத்தவில்லை. நெடுவாசல் உட்பட எல்லாப் பஞ்சாயத்துகளுக்கும் மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள்.

வருஷத்துக்கு ஆறு கிராம சபை என்று ஆக்கியிருக்கிறார்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் ஏதாவது ஒரு நாள் சொந்த ஊர்ப் பக்கம் போக நேர்ந்தால், கூட்டம் முடிகிற வரைக்கும் இருந்து, தீர்மான நோட்டைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். போன வருஷத் தீர்மானங்கள் எந்த ஆபீசுக்கு அனுப்பப்பட்டன, அங்கிருந்து ஒரு வரியாவது பதில் வந்ததா என்று ஊராட்சிச் செயலரிடம் விசாரியுங்கள். கோபப்படாதீர்கள், பாவம், அவரும் நாலு பஞ்சாயத்து வேலையை ஒரே ஆளாகப் பார்த்துக்கொண்டிருப்பார்.